பத்தொன்பது நிமிடம் இருபது விநாடி

ஜூன் 3, திங்கள்

கம்பெனி கொடுத்த டைரி ஜனவரியிலிருந்து சும்மா கிடந்தது. இன்று எடுத்துவிட்டேன். வீட்டுக்குக் கொண்டுபோகப் போவதில்லை; என் மனைவி சுலோசனா மளிகைச் சீட்டைக்கூட இரண்டு தடவை படிப்பவள். ஆபீஸ் டிராயரிலேயே இருக்கட்டும். ஷிப்ட் மணி அடித்த பிறகு பத்து நிமிடம் எழுதினால் போதும்.

எழுதக் காரணம் உண்டு. இங்கே யார் எதைச் செய்தார்கள் என்பதை நாளைக்கு வேறு மாதிரிச் சொல்வார்கள். அதற்கு முன்னால் நடந்தது நடந்தபடி ஓர் இடத்தில் இருக்கட்டும்.

நாங்கள் செய்வது லேத்தில் கெட்டி இரும்பைச் சீவுகிற முனை. கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு சதுரத் துண்டு. பட்டறையில் ‘டிப்’ என்பார்கள். பீங்கான் ஜாதிதான், ஆனால் டீக் கப் செய்கிற பீங்கான் இல்லை, செராமிக். அரைத்து அளவுக்குக் கொண்டுவந்த டிப்பை வைரப் பொடியால் தேய்த்து, முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளப்பாக்குவது என் செக்‌ஷன். இருபத்திரண்டு வருடம். கோயமுத்தூரில் எந்தப் பட்டறைக்குப் போய் ‘தெய்வசிகாமணி பாலிஷ்’ என்றாலும் தெரியும்.

இன்று மீட்டிங்கில் கோகிலவாணி திரையில் ஒரு படம் போட்டாள். சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகிறது, வயது இருபத்தொன்பது, இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. என் டிப்பைக் குறுக்கே வெட்டி மைக்ராஸ்கோப்பில் எடுத்த படம்.

“அரைக்கும்போதே அடியில கீறல் விழுந்துடுது சார். பாலிஷ் பண்றதுல அது போறதில்ல. மேல மூடிக்குது, அவ்வளவுதான். வெளிய கண்ணாடி மாதிரி இருக்கு, உள்ள வெடிச்ச சுவரு.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் சிரித்தேன். நன்றாகத்தான் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

ஜூன் 5, புதன்

அவள் சொல்லும் வைத்தியம் இதுதான். அரைத்த டிப்பைப் பாலிஷ் செய்யாமல் ஓவனில் ஆயிரத்து இருநூறு டிகிரியில் ஒரு மணி நேரம் வைப்பது, பிறகு மெதுவாக ஆறவிடுவது. சூட்டில் டிப்புக்குள் இருக்கும் ஒரு சரக்கு காற்றோடு சேர்ந்து கீறலை நிரப்பி அடைத்துவிடுமாம். புண் ஆறுவது போல என்றாள்.

அவள் அப்படி வைத்து எடுத்த ஒரு டிப்பைப் பார்த்தேன். துருப்பிடித்த ஆணி நிறம். இதை எவன் காசு கொடுத்து வாங்குவான்?

சர்க்கரை 212. சுலோசனா பாகற்காய்ச் சாறு கொடுத்தனுப்பினாள். வாஷ்பேசினில் ஊற்றினேன்.

ஜூன் 10, திங்கள்

எம்.டி. கூப்பிட்டார். முப்பத்தெட்டு வயது, அவருடைய அப்பா என்னை வேலைக்கு எடுத்தபோது இவர் டிரவுசர் போட்டுக்கொண்டிருந்தார்.

“டி.எஸ். சார், வாதம் வேண்டாம். ரெண்டு பேரும் ஆளுக்கு அஞ்சு டிப் கொடுங்க. நம்ம டெஸ்ட் லேத்துல, ஒரே கெட்டி இரும்பு ரோலரைச் சீவணும், ஒரே வேகம். எது அதிக நேரம் நிக்குதோ அந்த முறை. அந்த ஆள்தான் செக்‌ஷனுக்கு ஹெட்.”

“தோத்தவங்க?” என்று கேட்டேன்.

“உங்களுக்கு டெஸ்பாட்ச்ல ஒரு இடம் இருக்கும் சார். கவலைப்படாதீங்க.”

டெஸ்பாட்ச் என்பது அட்டைப் பெட்டி ஒட்டுகிற இடம். இருபத்திரண்டு வருடத்துக்கு அட்டைப் பெட்டி. அவள் தோற்றால் அவளுக்கு என்ன என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நிரந்தரம் ஆகாதவர்களுக்கு எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

ஜூன் 14, வெள்ளி

வீட்டில் போர் மோட்டார் மக்கர். மெக்கானிக் நாளை வருகிறானாம்.

கோகிலவாணி தன் ஐந்து டிப்பையும் இன்று ஓவனில் ஏற்றினாள். நாலு மணிக்கு என் மேஜைக்கு வந்தாள். “பாப்பாவுக்குக் காய்ச்சல் சார், ஸ்கூல்லேர்ந்து போன் வந்துச்சு. ஓவன் தானா ஆறிக்கும். நாளைக்குக் காலைல வந்து எடுத்துக்கறேன். கிளம்பட்டுமா?” அவள் கணவன் துபாயில் இருக்கிறான், குழந்தையைத் தனியாகத்தான் பார்த்துக்கொள்கிறாள். “தாராளமாப் போம்மா” என்றேன். என்னை யாரும் கல்நெஞ்சக்காரன் என்று சொல்ல முடியாது.

ஜூன் 15, சனி

அவள் எட்டரைக்கு வந்து ஓவனைத் திறந்தாள். உள்ளே நாற்பது டிகிரி. ஓவன் தானே வரைகிற சார்ட் தாளை நான் பார்த்தேன். ஏற்றமும் இறக்கமும் பாடப்புத்தகத்தில் போட்டது மாதிரி இருந்தன. குறை சொல்ல ஒன்றுமில்லை, அதுதான் எரிச்சல்.

ஜூன் 18, செவ்வாய்

நாளை டிரையல்.

டெஸ்ட் லேத் ஓட்டுகிற தண்டபாணி மச்சினன் கல்யாணத்துக்கு லீவ் கேட்டிருந்தான். முதலில் தள்ளிப்போடச் சொல்லியிருந்தேன். இன்று மனது கேட்கவில்லை, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். கல்யாணம் என்பது அடிக்கடி வருவதா?

அவனுக்குப் பதில் கார்பைடு என்கிற வேறு ஜாதி டிப் ஓடுகிற லேத்திலிருந்து ஆறுச்சாமியைப் போட்டிருக்கிறேன். நாற்பத்து நாலு வயது, நல்ல கை. கார்பைடு டிப்புக்கு ஓடுகிற நேரமெல்லாம் கூலண்ட் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். செராமிக்குக்கு ஒரு சொட்டுக்கூடக் கூடாது. கொதிக்கிற சட்டியில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் என்ன ஆகுமோ அதுதான் ஆகும். இது இந்தத் தொழிலில் அரிச்சுவடி. ஆறுச்சாமிக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று விட்டுவிட்டேன்.

ஸ்டாப்வாட்ச் யார் கையில் என்று பேச்சு வந்தது. “அந்தப் பொண்ணுகிட்டயே இருக்கட்டும்” என்றேன். எம்.டி. என் பெருந்தன்மையைக் கவனித்தார்.

ஜூன் 19, புதன்

பதினொரு மணிக்கு ஆரம்பித்தோம். முதலில் என்னுடையது. ஐந்து டிப்பில் அதிகம் நின்றது 11 நிமிடம் 40 விநாடி. கோகிலவாணிதான் சத்தமாக வாசித்தாள். கார்பைடு மூன்று நிமிடம் தாங்காத ரோலரில் இது நல்ல கணக்கு. எம்.டி. தலையாட்டினார்.

பிறகு அவளுடைய முதல் டிப். பத்து. பதினொன்று. பன்னிரண்டாவது நிமிடத்தில் எம்.டி.க்குப் போன் வந்து வெளியே போனார். போகும்போது அவளைப் பார்த்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். பதினைந்து. பதினேழு. முனையில் தேய்மானமே தெரியவில்லை. சீவல் செக்கச்செவேலென்று ரிப்பனாகச் சுருண்டு விழுந்தது. சரியாகத் தெரியவில்லை என்று நான்தான் லேத் மூடியைக் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொன்னேன். ஆறுச்சாமி பாதுகாப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தான். அவனிடம் ஒழுங்கு போதாது.

“பத்தொன்பது” என்றாள். குரலில் சிரிப்பு. தலை குனிந்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள்.

“ரொம்பச் சூடாயிருச்சு பாரு ஆறுச்சாமி” என்றேன். பார்த்ததைச் சொன்னேன், அவ்வளவுதான்.

அப்புறம் டிப் வெடித்தது. ஒரு சில்லு அவனுடைய இடது கண்ணில்.

அது எப்படி நடந்தது என்று நான் பார்க்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்தொன்பது நிமிடம் இருபது விநாடி.

கோகிலவாணி நோட்டைப் போட்டுவிட்டு ஓடி அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். அவளே கம்பெனி வேனில் ஆஸ்பத்திரிக்கும் போனாள். நான் லேத்தை நிறுத்தினேன். குழாயை மூடினேன். தரை ஈரமாக இருந்தது, துடைக்கச் சொன்னேன். பத்துப் பேர் நடமாடுகிற இடம், வழுக்கக் கூடாதல்லவா? உடைந்த துண்டுகளைப் பொறுக்கி, பாக்கு மிட்டாய் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன்.

ஜூன் 20, வியாழன்

கண்ணை எடுத்துவிட்டார்களாம்.

விபத்து அறிக்கை எழுதினேன். ‘உயர் வெப்பத்தில் பதப்படுத்தியதால் டிப் உள்ளுக்குள் பலவீனமடைந்து, ஓட்டத்தில் சிதறியது.’ ஒரே பத்தி. எம்.டி. படித்துவிட்டு, “நான்தான் அவசரப்பட்டுட்டேன் சார். அனுபவம்னு ஒண்ணு இருக்குல்ல” என்றார்.

வீட்டு மோட்டார் சரியாகிவிட்டது. காயில் எரிந்துபோயிருந்ததாம்.

ஜூன் 21, வெள்ளி

கோகிலவாணி மூன்று நாளாக அதே புடவையில் இருக்கிறாள். கரையில் ரத்தக் கறை அப்படியே இருக்கிறது.

“உடைஞ்ச பீஸ் வேணும் சார். ஏன் உடைஞ்சுதுன்னு பார்க்கணும்.”

“பெருக்கிக் கொட்டிட்டாங்கம்மா.”

“ஓவன் சார்ட்?”

“தேடினேன். கிடைக்கல.”

சார்ட் இதே டிராயரில்தான் இருக்கிறது, டப்பாவுக்கு அடியில். அவள் கண்ணில் படும்படி எதையும் வைக்க வேண்டாம் என்று தோன்றியது. பாவம், மேலும் குழம்புவாள்.

ஜூன் 24, திங்கள்

டப்பாவைத் திறந்து ஒரு துண்டை மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். வெந்து கொண்டிருந்தது திடீரென்று குளிர்ந்தால் வருகிற கீறல், குறுக்கும் நெடுக்குமாக, காய்ந்த ஏரித் தரை மாதிரி. அரைத்ததால் வருகிற கீறல் ஒன்றுகூட இல்லை. எல்லாம் அடைபட்டிருந்தன.

இதை யாரும் என்னிடம் கேட்கவில்லை.

ஜூன் 26, புதன்

அவளை உட்காரவைத்து ஆறுதலாகப் பேசினேன். “ஒரு லெட்டர் எழுதிக் குடும்மா. என் முறையில தப்பு இருக்கு, பொறுப்பு எனக்குன்னு. அதை வெச்சு நான் எம்.டி.கிட்ட பேசி உன்ன காப்பாத்திடறேன்.”

அங்கேயே எழுதினாள். எழுத்துப்பிழை ஒன்று இருந்தது, திருத்திக் கொடுத்தேன்.

ஜூலை 1, திங்கள்

அந்த லெட்டரை வைத்துத்தான் அவளை அனுப்பினார்கள். நான் பேசினேன் என்றே வைத்துக்கொள்ளலாம்.

போகும்போது மேஜையைத் துடைத்துவிட்டுப் போனாள். நோட்டை மறந்துவிட்டாள். ஓவன் சூடு, நேரம், ஆறவிடும் வேகம் எல்லாம் அதில் இருக்கின்றன. குண்டு குண்டான கையெழுத்து.

ஜூலை 12, வெள்ளி

செக்‌ஷன் என்னிடமே இருக்கிறது. ஹெட் என்று கதவில் பலகை. சுலோசனாவிடம் சொன்னேன். “ஏனுங்க, அந்தக் கண்ணு போன ஆளு எப்படி இருக்காருங்க?” என்று கேட்டாள். அவளுக்கு எந்த நேரத்தில் எதைக் கேட்க வேண்டும் என்று தெரிவதே இல்லை.

ஜூலை 29, திங்கள்

ஆறுச்சாமி வந்தான். இடது கண்ணில் கண்ணாடி விழி வைத்திருக்கிறார்கள். நான் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் அது ஒரே பக்கம் பார்த்தது.

கதவைச் சாத்திவிட்டு நின்றுகொண்டே சொன்னான். “சார், ஒண்ணு சொல்லோணுங்க. தூக்கமே வர்றதில்லீங்க. அன்னைக்குத் தண்ணிய நாந்தானுங்க தொறந்தேன். செவசெவன்னு வந்துச்சுங்களா, சூடாயிருச்சுன்னு காதுல விழுந்துதுங்களா, கை தானாப் போயிருச்சுங்க. பதினெட்டு வருசப் பழக்கமுங்க. அந்தப் புள்ளைய எதுக்கு சார் அனுப்புனாங்க? அவங்க மேல தப்பே இல்லீங்களே.”

நான் எழுந்துபோய் அவன் தோளில் கைவைத்தேன். “யார்கிட்டயாவது சொன்னியா?”

“இல்லீங்க.”

“சொல்லாத. உனக்கு டெஸ்பாட்ச்ல வேலை போட்டுக் குடுக்கச் சொல்லியிருக்கேன். நீயே தொறந்தேன்னு தெரிஞ்சா அதுவும் போயிரும். ஒத்தைக் கண்ணோட இந்த ஊர்ல உனக்கு யாரு வேலை குடுப்பா? நான் அன்னிக்குப் பாக்கல, கடிகாரத்தப் பாத்துட்டிருந்தேன். ஆனா நீ சொன்னதை என்னோட வெச்சுக்கறேன்.”

அவன் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். நல்ல கண்ணில். ஈரம் பட்டது. போனதும் கை கழுவினேன்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

ஆறுச்சாமி இரண்டு இளநீர் கொண்டுவந்து வைத்தான். அவன் வீட்டு மரத்துக் காய். இனி வெள்ளிதோறும் கொண்டுவருவானாம். இளநீர் சர்க்கரைக்கு ஆகாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். குடித்தேன். நன்றாகவே இருந்தது.

ஆகஸ்ட் 23, வெள்ளி

பெரிய இடத்து ஆர்டர். ரோலர் சீவுகிறவர்கள். பதினைந்து நிமிடம் நிற்க வேண்டும் என்கிறார்கள். அனுப்பிய என் டிப்புகள் பன்னிரண்டைத் தாண்டவில்லை. இருநூறும் திரும்பி வந்துவிட்டன. எம்.டி. பெட்டியை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

இளநீர்.

ஆகஸ்ட் 28, புதன்

நோட்டை எடுத்தேன். அவள் எழுதியபடியே ஓவனில் வைத்தேன். துரு நிறம் வந்தது. அந்த மேல்தோலை மட்டும் மெல்லிய பிரஷ்ஷால் எடுத்துவிட்டால் பழைய பளபளப்பு. கீறல் அடைபட்டது அடைபட்டபடி இருக்கிறது. அவளுக்குப் பளபளப்பின் அருமை தெரியவில்லை. இரண்டையும் சேர்க்க ஆள் வேண்டியிருந்தது.

பதினெட்டு நிமிடம் நின்றது. ஆபரேட்டர் தண்டபாணி, சொட்டுத் தண்ணீர் இல்லை.

செப்டம்பர் 9, திங்கள்

கோகிலவாணி வந்தாள். கேட்டில் ஒரு மணி நேரம் காக்கவைத்திருக்கிறார்கள், எனக்கு மீட்டிங். ஒரு பாலிடெக்னிக்கில் தற்காலிக வேலையாம். மெலிந்துவிட்டாள்.

“வேலை கேட்டு வரல சார். ஒரே ஒரு விஷயம். மாசா மாசம் ஆறுச்சாமிண்ணன் வீட்டுக்குப் போறேன். மன்னிப்புக் கேட்டா அவர் அழறாரு, ஒண்ணும் பேச மாட்டேங்கறாரு. நான் எங்க தப்புப் பண்ணேன்னு தெரிஞ்சாலாவது பரவால்ல. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். சொல்லுங்க சார்.”

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் தெரியாது என்றால் அவள் தேடிக்கொண்டே இருப்பாள். ஒரு பதில் கொடுத்துவிடுவதுதான் அவளுக்கும் நல்லது.

“பாப்பாவுக்குக் காய்ச்சல்னு அன்னிக்கு அவசரத்துல கிளம்பினே இல்ல?”

“ஆமா சார்.”

“போறதுக்கு முந்தி ஓவன் கதவைக் கொஞ்சம் திறந்து வெச்சுட்டே போல. சீக்கிரம் ஆறட்டும்னு. அதுல குளிர்காத்துப் பட்டு விரிசல் விட்டுருச்சு. அதுதான்.”

அவள் உட்கார்ந்துவிட்டாள். “நான் திறக்கலையே சார்… திறந்தேனா? போன்ல பாப்பா அழுதுட்டிருந்தா. எனக்கு ஞாபகம் இல்லையே சார். சார்ட் இருந்தா தெரிஞ்சிருக்கும்.”

“சார்ட்தான் இல்லையேம்மா.”

சார்ட் எங்கள் இருவருக்கும் நடுவில், மேஜைப் பலகைக்குக் கீழே டிராயரில் இருந்தது. அவள் முழங்கை அந்தப் பலகைமேல் ஊன்றியிருந்தது.

“என் பொண்ணுக்காக அவசரப்பட்டு இன்னொருத்தர் கண்ணை எடுத்துட்டேன்” என்றாள். தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி. தண்ணீர் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு, தம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

அவள்மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. இன்று சத்தியமாக இல்லை.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. லேத்துக்கெல்லாம் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று. பூசணிக்காயை உடைத்தார்கள், துண்டு சிதறியபோது ஆறுச்சாமி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். சிலர் சிரித்தார்கள்.

புது முறைக்கு ‘டி.எஸ். ஃபினிஷ்’ என்று எம்.டி. பெயர் வைத்து எனக்குச் சால்வை போட்டார். “இருபத்திரண்டு வருஷ அனுபவம் என்ன பண்ணும்னு பாத்துக்குங்க” என்றார். கைதட்டல் நீளமாக இருந்தது. ஆறுச்சாமிதான் கடைசிவரை தட்டினான்.

சால்வையை சுலோசனா பீரோவில் வைத்தாள். எதற்குக் கொடுத்தார்கள் என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

நவம்பர் 8, வெள்ளி

ஆறுச்சாமி இன்று இளநீர் கொண்டுவரவில்லை. காய் தீர்ந்திருக்கும்.

நவம்பர் 15, வெள்ளி

இன்றும் இல்லை. டெஸ்பாட்ச்சில் பார்த்தேன். டிப்புகளை ஒவ்வொன்றாக நல்ல கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தான். அவ்வளவு பார்க்கத் தேவையில்லை. எண்ணி அடுக்கினால் போதும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நவம்பர் 19, செவ்வாய்

நாலரை மணிக்கு ஆறுச்சாமி உள்ளே வந்தான். கதவைச் சாத்தவில்லை. ஒரு டிப்பை மேஜைமேல் வைத்தான்.

“இதப் பாருங்க சார்.”

டிப்பின் முதுகில் நடுவே ஒரு குழி உண்டு. லேத்தில் பிடிப்பான் வந்து அழுத்துகிற இடம். மிளகு அளவுதான். என் பிரஷ் அதற்குள் போகாது. பிடிப்பான் மூடிக்கொள்ளும் என்பதால் நானும் கவலைப்படவில்லை. டிப் முழுக்கக் கண்ணாடியாக மின்னியது. குழி மட்டும் துரு நிறமாக இருந்தது.

“இது அந்தப் புள்ளையோட அடுப்புல வெந்ததுங்களே சார்.”

“இது என் ஃபினிஷ்.”

“பெட்டிப் பெட்டியாப் போகுதுங்க. ஒண்ணுகூட வெடிக்கலீங்க. அப்ப அவங்க வழி சரிதானுங்களே? அடுப்புக் கதவத் தொறந்துட்டேன், எம் புள்ளைக்காகத் தொறந்துட்டேன்னு போன மாசம் வந்து எங்கூட்டு வாசல்ல உக்காந்து அழுதாங்க. யாரு சொன்னாங்கன்னு கேட்டேன். நீங்க சொன்னீங்கன்னாங்க.”

நான் டிப்பைக் குழி அடியில் போகும்படி திருப்பி வைத்தேன்.

“நான் தொறந்தது தப்புத்தானுங்க. அதை எங்க வேணும்னாலும் சொல்றேன். ஒண்ணே ஒண்ணு கேக்கறனுங்க. நான் கொழாய்க்குக் கைய நீட்டுனப்ப நீங்க பாத்தீங்களா?”

“எத்தனை தடவ சொல்றது? நான் கடிகாரத்தப் பாத்துட்டிருந்தேன்.”

“கடியாரம் அந்தப் புள்ள கையில இருந்துச்சுங்க.”

வெளியே கம்ப்ரசர் ஓடுகிற சத்தம். பயம் என்றுதான் எழுத வேண்டும், பயந்துவிட்டேன்.

“உனக்கு இருக்கறது ஒத்தைக் கண்ணு. எது யார் கையில இருந்துச்சுன்னு நீ எனக்குச் சொல்றியா?” என்றேன்.

“அன்னைக்கு எனக்கு ரெண்டு கண்ணும் இருந்துச்சுங்க சார்” என்றான். “நீங்க என்னைப் பாத்தீங்க. நான் உங்களத் திரும்பிப் பாத்தேன். தொறக்கட்டுமான்னு கேக்கத்தான் பாத்தேன். நீங்க தலையாட்டுனீங்களா இல்லையான்னு அஞ்சு மாசமா யோசிச்சிட்டிருந்தனுங்க. தலையாட்டல. சும்மா பாத்துட்டு நின்னீங்க.”

கம்பெனி அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றி மேஜையில் வைத்தான். டிப்பை மட்டும் எடுத்துக்கொண்டு போனான்.

நவம்பர் 20, புதன்

காலை பத்தே கால். இந்த நேரத்தில் நான் எழுதுவதில்லை.

என் ஜன்னலிலிருந்து கேட் தெரியும். ஒன்பதரைக்குக் கோகிலவாணி வந்தாள். ஆறுச்சாமிக்கு இடது பக்கமாக, கண் இல்லாத பக்கமாக நடந்து வந்தாள். படிக்கட்டில் அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். இன்று யாரும் அவர்களைக் காக்கவைக்கவில்லை. நேராக எம்.டி. அறைக்குப் போனார்கள்.

இப்போது செக்யூரிட்டி வந்து நிற்கிறார். என் டிராயர் சாவியை எம்.டி. கேட்கிறாராம். டிராயரில் மிட்டாய் டப்பா இருக்கிறது, சார்ட் இருக்கிறது, அவளுடைய நோட்டு இருக்கிறது. இந்த டைரியைப் பையில் போட்டுக்கொண்டு மற்றதைக் கொடுக்கலாமா என்று யோசித்தேன். செக்யூரிட்டி டைரியையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

“கொஞ்சம் எழுதிட்டுத் தர்றேன்” என்றேன். “எழுதுங்க சார்” என்றார். நகரவில்லை.

பார்த்தேன். அவன் கை குழாய்க்குப் போவதைப் பார்த்தேன். என்னைத் திரும்பிப் பார்த்ததையும் பார்த்தேன். ‘வேண்டாம்’ என்று சொல்ல நேரம் இருந்தது. வாய்வரை வந்தது. அவள் அப்போதுதான் பத்தொன்பது என்று வாசித்திருந்தாள்.

என்னுடையது பதினொன்று நாற்பது.